மவளுக்கு மூஞ்சி வீங்குன வருசம்

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. பயப்படாதீங்க. கண்டக்டர் சட்டையை நான் பிடிச்சதைப் பாத்துட்டு இவன் மொரட்டுப் பயன்னு நினைச்சிருப்பீங்க. அப்படியெல்லாம் இல்ல. படியில நிக்காத, உள்ள ஏறுன்னு வாயால சொல்லட்டும், வேண்டாங்கல. அதுக்கு முதுகுல கையை வச்சுத் தள்ளுவானா? என் மேல மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது. மத்தபடி நான் ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத ஆளு. சங்கரன்கோயில்ல புரோட்டா மாஸ்டர் சொரிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாவ.

மடியில வச்சிருக்கது எக்ஸ்ரே கவர்தானே? யாருக்கு? பேரனுக்கா? இழுப்பா? அடப் பாவமே. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழ குழி விழுதா? குழி விழுந்தா ஒரு நிமிசம் வீட்டுல வச்சிருக்கக் கூடாது, தூக்கிட்டு ஓடணும். உதடு நீலம் பாஞ்சிருச்சுன்னா இன்னும் மோசம். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? ஏழு மாசமா ஆஸ்பத்திரி வராண்டாவுல படிச்ச படிப்பு. என்னை உள்ள விட மாட்டாவ. அப்போ சுவத்துல ஒட்டியிருக்க படத்தையெல்லாம் ஒன்னு விடாமப் படிக்க வேண்டியதுதானே? வயித்தோட்டம்னா என்ன செய்யணும், சளின்னா என்ன செய்யணும், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

எனக்கும் ஒரு மவ இருக்கா அண்ணாச்சி. ஒரே மவ. கனிஷ்கா. ஆறு வயசு. ஒன்னாப்பு படிக்கா. படிச்சா.

போன ஆடியிலதான் ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சா மூஞ்சி உப்பிக் கிடக்கும். கண்ணு இமை ரெண்டும் பணியாரம் கணக்கா இருக்கும். மத்தியானத்துக்கு மேல வடிஞ்சிரும். நான் என்ன நினைச்சேன், புள்ள சதை போடுதுன்னு நினைச்சேன். பொறந்ததுல இருந்து ஈர்க்குச்சியாட்டம் இருந்தவ. சாயந்தரம் கடைக்குத் தூக்கிட்டுப் போயி, புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்கார வைப்பேன். வாரவன் போறவன்லாம், "மாஸ்டர் மவ கொழுகொழுன்னு ஆயிட்டாளே, சால்னா நல்லா வேலை செய்யுது போல"ம்பான். எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துக்கிடும்.

அந்த நேரம் பாத்து ஒன்னாப்பு டீச்சர் என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லி விட்டிருக்கு. புள்ளைக்கு சாக்ஸ் போட்ட இடத்துல தடம் ஆழமா விழுது, முட்டிக்குக் கீழ விரலை வச்சு அமுக்கினா குழி அப்படியே நிக்குது, ஒன்னுக்குப் போனா நுரையாப் போகுதான்னு பாருங்க, வெரசா டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. என் புள்ள காலை அமுக்கிப் பாக்க நீ யாருட்டின்னு நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாற்காலியைத் தூக்கினேன். அடிக்கல. தூக்கினேன், அவ்வளவுதான். அது கரும்பலகையில பட்டுச்சுன்னா அதுக்கு நானா பொறுப்பு? அந்த டீச்சர் ஒரு வாரம் லீவு போட்டுட்டா. தப்பு பண்ணாதவ எதுக்கு லீவு போடணும்?

அடுத்து ரெண்டு நாள்ல புள்ளைக்குக் கண்ணு திறக்க முடியல. அப்பதான் எனக்கு உறைச்சது. கண்ணேறு. கொழுகொழுன்னு சொன்னவன் யாரு? உரக்கடை பால்வண்ணன். தினமும் சொல்லுவான். அன்னைக்கும் வந்து, ரெண்டு புரோட்டா, முட்டை போட்டுன்னு உக்காந்தான். கையில புரோட்டாவைத் திருப்புற சட்டுவம் இருந்துச்சு. கல்லுல கிடந்த சட்டுவம். இந்தக் காதுக்குக் கீழ, இங்கன, ஒரே இழுப்பு. தோலு சட்டுவத்தோட ஒட்டிக்கிட்டு வந்துட்டு. இப்பவும் அவன் அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுவான்.

ஆனா ஒன்னு பாத்துக்கிடுங்க. அன்னைக்குச் சாயந்தரமே புள்ளைக்கு வீக்கம் வடிஞ்சிட்டு. என் கண்ணால பாத்தேன். மறுநாள் காலையில திரும்ப வந்துச்சு, இல்லங்கல. அது வேற எவன் கண்ணோ.

மாரிச்செல்வி, அதான் என் வீட்டுக்காரி, என்கிட்டச் சொல்லாமலே புள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ரெண்டாந்தடவை போகும்போது நானும் போனேன். அங்க ஒரு டாக்டரம்மா. நல்ல மாதிரிதான். என் முன்னாலயே புள்ள மூத்திரத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில பிடிச்சு, அனல்ல காட்டினாவ. ரெண்டு சொட்டு என்னமோ விட்டாவ. திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா ஆயிட்டு.

"பாத்தீங்களா, உடம்புல நிக்க வேண்டிய சத்து கிட்னி வழியா ஒழுகுது. அதனாலதான் தண்ணி கோத்து மூஞ்சி வீங்குது. சின்னப் புள்ளைங்களுக்கு வாரதுதான், மருந்துக்கு நல்லாக் கேக்கும்"னாவ. உப்பைக் குறைக்கணும். மாத்திரை தினமும் போடணும், நாங்க சொல்லாம ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, சட்டுன்னு நிறுத்தினா ஆபத்து. தினமும் காலையில வீட்டுலயே இந்த மாதிரி மூத்திரத்தைக் காய்ச்சிப் பாத்து நோட்டுல குறிக்கணும். மூணு நாள் தொடர்ந்து வெள்ளையா வந்தா உடனே கூட்டிட்டு வரணும். சளி காச்சல் வந்தா விட்டுறாதீங்க, அதுதான் இதைத் திரும்பக் கிளப்பும். இவ்வளவும் சொன்னாவ. ஒரு வார்த்தை மறக்கல பாத்தீங்களா? நான் கவனமாத்தான் கேட்டேன்.

கேட்டுட்டு நான் ரோசிச்சேன். சத்து ஒழுகுது. சரி. அப்போ ஒழுகுறதுக்கு மேல நாம உள்ள போடணுமா இல்லையா? இதுக்கு எதுக்கு டாக்டர்? நான் இருவது வருசமா மனுசனுக்குச் சோறு போடுதவன். இவ வீட்டுல என்ன செய்யுதா, உப்பில்லாமக் கஞ்சி, உப்பில்லாமப் பருப்பு. புள்ள தட்டைத் தள்ளிவிட்டு அழுவுது. எந்த அப்பன் பாத்துக்கிட்டு இருப்பான்?

சாயந்தரம் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ரெண்டு புரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னாவை மேல ஊத்தி, ஒரு ஆம்லெட்டையும் வச்சு, தின்னுட்டின்னு சொல்லுவேன். அம்மாகிட்ட எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்பா அண்ணாச்சி. என்கிட்ட ஒரு நாளு, ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னதில்ல. அவ்வளவு அடக்கம். என் கையையே பாத்துக்கிட்டு மளமளன்னு தின்னுருவா. கண்ணுல தண்ணி கோத்துக்கிட்டு நிக்கும். காரம். அப்படியும் நிறுத்த மாட்டா. ஒரு நாள் கக்கிட்டா, கக்கினதும் என்னை நிமிந்து பாத்துட்டு, நான் ஒன்னும் சொல்லாமலே திரும்ப எடுத்துத் தின்ன ஆரம்பிச்சிட்டா. அப்பன் கைப்பக்குவம் அப்படி.

இப்போ இந்த விசயத்துக்கு வாரேன். ஒரு நாள் காலையில எந்திரிச்சு அடுப்பாங்கரைக்குப் போறேன். ஒரு அடுப்புல காப்பி. இன்னொரு அடுப்புல, அண்ணாச்சி, துணி மாட்டுற கிளிப்புல குழாயைப் பிடிச்சுக்கிட்டு இவ மூத்திரத்தைக் காய்ச்சிக்கிட்டு நிக்கா. மேல சாமி படம். பக்கத்துல காப்பி. என்னட்டி இதுன்னேன். "டாக்டரம்மா சொன்னதுதானங்க, இன்னையோட ரெண்டு நாளா வெள்ளையா வருது"ங்கா. ஒரே ஒரு அறை. நெசமா ஒன்னுதான். அதுக்குக் குழாயைக் கையோட இறுக்கிப் பிடிப்பாளா? உடைஞ்சு உள்ளங்கையில ஏறிட்டு. ரத்தம் காப்பியில சொட்டிட்டு. கண்ணாடி கிழிச்சதுக்கு ஊரெல்லாம் என்னைச் சொல்லுதாவ. நோட்டையும் கிழிச்சு அடுப்புல போட்டேன். அதுல கட்டம் கட்டமாப் போட்டு, 'தெளிவு', 'கலங்கல்'னு எழுதி வச்சிருந்தா. ஓரத்துல ஒவ்வொரு நாளும் சின்னதா இன்னொன்னும் எழுதியிருந்தா. 'இன்று கடைக்குக் கூட்டிப் போனார்'. அடுத்த நாள், 'கலங்கல்'. என்னை வேவு பாத்திருக்கா, பாத்துக்கிடுங்க.

மாத்திரை சாப்பிட்டுப் புள்ள மூஞ்சி நிலா மாதிரி ஆயிட்டு. கன்னத்துல பூனைமுடி. எந்நேரமும் பசி. வீக்கத்துக்கு மாத்திரைன்னு கொடுத்தாவ, மாத்திரையே வீங்க வைக்குது. கடையில நாலு பேரு சொன்னாவ, இங்கிலீசு மருந்தே கிட்னியைத் தின்னுரும்னு. நான் மொத்த அட்டையையும் எடுத்துப் புரோட்டா அடுப்புக்குள்ள போட்டேன். மாரிச்செல்வி கடைவாசல்ல வந்து என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. "ஏங்க, திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்னு சொன்னாங்களே, உங்க முன்னாலதான சொன்னாங்க"ன்னு. அத்தனை ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். மானம் போகுமா போகாதா? மாவு பிசையுற கையி. கொஞ்சம் பலமாப் பட்டுட்டு.

அப்புறமும் அடங்கினாளா? வேற அட்டை வாங்கி அரிசிக்குள்ள புதைச்சு வச்சிருக்கா. சோத்துக்கு அரிசி அளக்கப் போனவன் கையில மாட்டிட்டு. முன்பல்லு போனது அன்னைக்குத்தான். அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதை அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா. புள்ள கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் கூப்பிட்டதும் வந்து மடியில உக்காந்துக்கிட்டு. ஆடல அசங்கல. அவ்வளவு பாசம் என் மேல.

ஒரு வாரத்துல சளி பிடிச்சது. சளிதானேன்னு இருந்தேன். அப்புறம் வயிறு உப்ப ஆரம்பிச்சது. கால் ரெண்டும் தூணு மாதிரி. படுத்தா மூச்சு முட்டுதுன்னு தலையணை ரெண்டு வச்சுச் சாஞ்சுக்கிட்டே இருந்தா. ஒன்னுக்கே போகல. நான் கடையில இருக்கும்போது என் மச்சினன் கொம்பையா ஆட்டோ கொண்டு வந்து அக்காளையும் புள்ளையையும் ஏத்திட்டுப் போயிட்டான். எனக்குத் தகவல் சொன்னது பக்கத்துக் கடைக்காரன். என் புள்ளையை எனக்குத் தெரியாமத் தூக்கிட்டுப் போக இவன் யாரு?

ஆஸ்பத்திரி வாசல்லயே கொம்பையா கிடைச்சான். "அத்தான், இப்ப வேண்டாம் அத்தான், உள்ள ஊசி போட்டுக்கிட்டு இருக்காவ"ன்னு கையைப் பிடிச்சான். பிடிச்ச கையை முறுக்கினேன். மணிக்கட்டு மொழி கழண்டுட்டுன்னு அப்புறம் சொன்னாவ.

உள்ள போனா டாக்டரம்மா இல்ல. ஒரு சின்ன டாக்டர். கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒல்லியா. புள்ள கையில ஊசி குத்தி, பாட்டில் தொங்குது. அவன் என்னைப் பாத்து, "நீங்கதான் அப்பாவா? மாத்திரையை நிறுத்தினது யாரு?"ங்கான். அதைக் கேக்க நீ யாருலேன்னேன். வார்டு பூரா திரும்பிப் பாக்கு. மாரிச்செல்வி தரையைப் பாத்துக்கிட்டு நிக்கா. வாயைத் திறக்கல. நல்லவதான் அந்த நேரம். அப்போ புள்ள, கண்ணு திறக்காமலே, ஊசி குத்தாத கையைத் தூக்கி, என் குரல் வந்த பக்கமா விரலை நீட்டுச்சு.

சொல்லிக் கொடுத்திருக்காவ அண்ணாச்சி. ஆறு வயசுப் புள்ளைக்குத் தானா வருமா அதெல்லாம்?

எனக்குக் கண்ணு இருட்டிட்டு. பக்கத்துல இருந்த பாட்டில் கம்பியைப் பிடுங்கினேன். அந்தச் சின்ன டாக்டர் மூஞ்சியில ஒன்னு. கண்ணாடி நொறுங்கிட்டு. விழுந்தவன் தோளுல ஒன்னு. நர்சு ஒருத்தி குறுக்க வந்தா, அவளுக்கும். மூக்குல இருந்து ரத்தம் பீச்சுது, அவன் அப்பவும் எந்திரிச்சுப் புள்ளை பக்கமாப் போறான். என்னைப் பாக்கக்கூட இல்ல, புள்ள கையைப் பிடிக்கப் போறான். ஏன்னா அந்தக் கம்பியில தொங்கின டியூபு புள்ள கையில இருந்ததை நான் கவனிக்கல. நான் வீசின வீச்சுல ஊசியோட பிஞ்சிட்டு. கட்டில்லாம் ரத்தம். புள்ள கத்துச்சான்னு கேக்கீங்களா? கத்தல. சத்தமே இல்ல. எப்பவுமே அடக்கமான புள்ளை.

போலீசு வந்து என்னை அடிச்ச அடி இருக்கே, ஒரு மனுசனை இப்படி அடிப்பாவளா? ரெண்டு காலும் நீர் கோத்து வீங்கிட்டு. நான் பெத்த புள்ளைக்காகப் பேசினதுக்கு இந்தத் தண்டனை. பதினஞ்சு நாள் உள்ள இருந்துட்டு வெளிய வந்தேன். ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, பொண்டாட்டி புள்ளையைப் பாக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காவ. அதுக்கு அப்புறமும் நான் வெளி வராண்டா வரைக்கும் போயிப் போயி நின்னுட்டுத்தான் வருவேன். காவக்காரன் விரட்டுவான். சுவத்துப் படத்தைப் படிச்சுட்டு வந்துருவேன்.

நடுவுல ரெண்டு மூணு தடவை புள்ள தேறி வீட்டுக்குப் போனா, மாமனார் வீட்டுக்கு. திரும்பத் திரும்ப வீங்குது. இப்ப பத்து நாளா வார்டுலதான். முந்தாநேத்து மத்தியானம், காவக்காரன் சாப்பிடப் போன நேரம் பாத்து நான் உள்ள நுழைஞ்சிட்டேன்.

கட்டிலுக்குக் கீழ கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்னு. காலி. மணிக்கு ஒரு தடவை நர்சம்மா வந்து அதைப் பாத்துட்டு, ஒன்னும் எழுதாமப் போறா. மாரிச்செல்வி என்னைப் பாத்ததும் எந்திரிச்சுக் குறுக்க நின்னா. முன்பல்லு இல்லாம மூஞ்சியே மாறிப் போயிருக்கு. "போயிருங்க. தயவு செஞ்சு போயிருங்க. நேத்துல இருந்து புள்ள ஒரு சொட்டு ஒன்னுக்குப் போகல. சாயந்தரத்துக்குள்ள போகலேன்னா மெஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அவ தூங்குதா. எழுப்பிறாதீங்க"ன்னா. கையெடுத்துக் கும்பிட்டா.

பெத்த அப்பன் பாக்கக் கூடாதா? அவளை ஓரமாத் தள்ளினேன். மெதுவாத்தான் தள்ளினேன், சுவரு பக்கத்துல இருந்துட்டு. கட்டில் பக்கத்துல போயி நின்னேன். புள்ளையை அடையாளமே தெரியல. "ஏட்டி கனி"ன்னேன்.

கண்ணைத் திறந்தா. வீங்கின இமைக்குள்ள இருந்து ஒரு கீத்துதான் தெரிஞ்சது. என்னைப் பாத்தா. வாயைத் திறந்தா, சத்தம் வரல. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. உடம்பு அப்படியே ஒரு உதறு உதறுச்சு. அடுத்த நிமிசம், அண்ணாச்சி, ரப்பர் சீட்டு மேல சளசளன்னு ஓடுது. கட்டில்ல இருந்து ஒழுகித் தரையில சொட்டுது. என் கால்ல பட்டுச்சு, சூடா. நர்சம்மா ஓடி வந்து, "போயிட்டா, போயிட்டா"ன்னு கத்துதா. பக்கத்துக் கட்டில் பொம்பளையெல்லாம் கையெடுத்துக் கும்பிடுதாவ. மாரிச்செல்வி மட்டும் புள்ளை மேல கவுந்து படுத்து, மூடிக்கிட்டு, என்னைப் பாக்காமலே அழுவுதா. சந்தோசத்துல.

ஊசி போட்டாவ, பாட்டில் ஏத்துனாவ, ராவும் பகலும் ஜாடியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாவ. வந்துச்சா? அப்பன் ஒரு குரல் கொடுத்தேன், வந்துட்டு. படிச்ச டாக்டரு எவனாவது இதுக்குப் பதில் சொல்லட்டும். ஆனா என்ன செஞ்சாவ, நாலு பேராப் பிடிச்சு என்னை வெளிய இழுத்துப் போட்டாவ. இனி வந்தா திரும்ப உள்ளதான்னாவ.

இன்னைக்குக் காலையில கடைக்கு வந்த ஆளு சொன்னான், நேத்துல இருந்து திரும்பவும் அடைச்சிருக்காம். மெஷினுக்குக் கொண்டு போகப் போறாவளாம். அதான் கல்லை அப்படியே போட்டுட்டுக் கிளம்பிட்டேன். இன்னைக்கு எவன் குறுக்க வந்தாலும் விட மாட்டேன் அண்ணாச்சி. எனக்குப் பெருசா ஒன்னும் வேண்டாம். கட்டில் பக்கத்துல போயி நின்னு, ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்.